காற்றைப் பார்த்துத் திரும்பும் ராக்கெட்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் போர் விமானங்கள் பற்றி எழுதியதற்கு வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராக்கெட்டைப் பற்றியே கேட்டிருந்தன. கீழே ராக்கெட் என்று வருவதெல்லாம், சுட்ட பிறகு வழிமாற்ற முடியாத ரகம். இலக்கைத் தேடிப் போவது ஏவுகணை. அது வேறு சாதி.

தீபாவளிக்கு மொட்டை மாடியில் பாட்டிலில் வைத்து விடும் ராக்கெட், கடல் காற்று அடிக்கும்போது மேற்கே தள்ளப்படாமல் கடல் பக்கமாகவே சாய்ந்து போகிறது. ஏன்? விமானத்து ராக்கெட்டும் இப்படிச் செய்யுமா?
– பள்ளி மாணவி, வியாசர்பாடி

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ராக்கெட்டின் கனம் முன்பக்கம். காற்று பிடிக்கும் இடம் பின்னால், அந்த நீளக் குச்சியில். பக்கவாட்டுக் காற்று குச்சியைத் தள்ளுகிறது, மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்புகிறது. மருந்து எரிந்துகொண்டிருப்பதால் மூக்கு பார்க்கும் பக்கமே அது ஓடும். மருந்து தீர்ந்த பிறகுதான் காற்று அதை மேற்கே ஒதுக்கும்.

விமானத்தில் இதே சங்கதி பெரிய தலைவலி. குச்சிக்குப் பதில் அங்கே வால் இறகுகள். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தின் மூக்கு, விமானம் உண்மையில் போகும் பாதையைவிடச் சற்று மேலே தூக்கியிருக்கும். வேகம் குறைந்தால் இன்னும் தூக்கும். இறக்கைக்கு அடியில் கட்டிய குழலை விட்டு வெளியே வந்த நொடியே ராக்கெட்டின் முகத்தில் 800 கி.மீ. காற்று அடிக்கிறது. இறகுகள் அதை அந்தக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிடும். ஆக, குழல் காட்டும் திசையைவிட விமானம் போகும் பாதையைத்தான் ராக்கெட் அதிகம் மதிக்கும்.

இதனால்தான் விமானி மூன்றைப் பொருத்தியாக வேண்டும்: இறங்கும் கோணம், வேகம், சுடும் தூரம். குறிக்கண்ணாடியில் வைத்த புள்ளி அந்த மூன்றுக்கு மட்டுமே சரி. நான்காவதாக ஒன்று உண்டு, புதியவர்கள் கோட்டை விடுவது அதில்தான். காலால் மிதிக்கும் சுக்கான் சரியாக இல்லாமல் விமானம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருந்தால், ராக்கெட்டும் சறுக்கும் பக்கமே போகும். 1 டிகிரி பிசகினால் 1,000 மீட்டரில் 17 மீட்டர் தள்ளி விழும். ராக்கெட் 2 நொடி பறந்தால் புவியீர்ப்பு மட்டும் சுமார் 20 மீட்டர் கீழே இழுத்துவிடும். தூரத்தைத் தப்பாகக் கணித்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

செங்குத்தாக இறங்கிச் சுடுவது ஏன் நல்லது என்பதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். தரையோடு வீசினால் நீளமாகச் சிதறும். நேர் மேலிருந்து கொட்டினால் ஒரே இடத்தில் விழும்.

முதலில் விமானத்தில் ராக்கெட் கட்டியவர் யார்? நம் திப்பு சுல்தான் ராக்கெட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இவ் லெ பிரியர். ஆண்டு 1916. நியூபோர்ட் இரட்டை இறக்கை விமானத்தின் இறக்கைகளுக்கு இடையே உள்ள தூண்களில் பக்கத்துக்கு நான்காகக் கட்டினார்கள். அட்டைக் குழல், கரிமருந்து, பின்னால் நீளக் குச்சி, முனையில் துணி கிழிக்கக் கத்தி போன்ற தகடு, மின்சாரத்தில் பற்றவைப்பு. கிட்டத்தட்ட நம் தீபாவளிச் சரக்கேதான். இலக்கு, ஹைட்ரஜன் நிரப்பிய வேவு பலூன்கள். சுமார் 115 மீட்டருக்குள் நெருங்கிச் சுட்டால்தான் உண்டு. பற்றவைக்கும் துப்பாக்கிக் குண்டுகள் வந்ததும் இதன் சோலி முடிந்தது.

மைசூர் ராக்கெட்டின் வம்சம் தரைப்படை வழியாகப் போனது. 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கும்பினிப் படையை அலறவைத்த இரும்புக் குழல் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன்னுடையதைச் செய்தார். குச்சியை எறிந்துவிட்டு இறகு வைத்த ராக்கெட்டை விமானத்தில் ஏற்றிச் சண்டைக்கு எடுத்துப் போனவர்கள் சோவியத் விமானிகள்: 1939 ஆகஸ்ட், மங்கோலியாவின் கல்கின் கோல், 82 மி.மீ. ராக்கெட்டுகள், எதிரே ஜப்பானியர். அதன் 132 மி.மீ. அண்ணனிலிருந்துதான் லாரியில் ஏறிய கத்யூஷா என்ற ராக்கெட் ஏவி பிறந்தது.

நீர்மூழ்கியை ராக்கெட்டால் மூழ்கடித்தார்கள் என்று படித்தேன். தண்ணீரில் பட்டதும் அது வெடித்துவிடாதா?
– விசைப்படகு மெக்கானிக், காசிமேடு

வெடிக்காது, ஏனென்றால் அதில் வெடிமருந்தே இல்லை. பிரிட்டனின் 3 அங்குல ராக்கெட்டுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று 60 பவுண்டு வெடிமுனை. மற்றது 25 பவுண்டு கெட்டி இரும்பு. நீர்மூழ்கிக்கு இரண்டாவது. விமானி கப்பலுக்குச் சற்று முன்னால் தண்ணீரில் விழும்படி சுடுவார். ராக்கெட் தண்ணீருக்குள் வளைந்து மேலேறி, நீர்மட்டத்துக்குக் கீழே உடலைத் துளைக்கும். அந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீர்மூழ்கி மறுபடி முங்க முடியாது. 1943 மே 23-ல் யூ-752 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி இப்படித்தான் முடிந்தது. சுட்டது ஸ்வோர்ட்ஃபிஷ் என்ற துணி போர்த்திய பழைய விமானம். பீரங்கி போல ராக்கெட் பின்னுக்கு உதைக்காது என்பதால்தான் அவ்வளவு மெல்லிய விமானமும் அதைத் தூக்க முடிந்தது.

அதே ராக்கெட் டாங்கிகளிடம் பட்ட பாடு வேறு. 1944 ஆகஸ்டில் பிரான்சின் ஃபலேஸில் பிரிட்டனின் டைஃபூன் விமானிகள் அழித்ததாகச் சொன்ன டாங்கிகள் ஏராளம். பிறகு பிரிட்டிஷ் ஆய்வுக் குழு நேரில் போய் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தபோது, ராக்கெட் பட்டுச் செத்த டாங்கிகள் சொற்பம். பல டாங்கிகளை உள்ளே இருந்தவர்களே விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். சேதத்தை விடப் பீதிதான் அதிகம் வேலை செய்தது என்றே படுகிறது.

208 ராக்கெட் சுட்டும் ஒரு விமானம் விழவில்லையாமே, கதையா?
– வாசகர், பெரம்பூர்

உண்மை. 1956 ஆகஸ்ட் 16, கலிஃபோர்னியா. ஆளில்லாத ஹெல்கேட் விமானம் ஒன்று கட்டுப்பாடு அறுந்து லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் திரும்பியது. அதை வீழ்த்த இரண்டு எஃப்-89டி ஸ்கார்பியன் போர் விமானங்கள் கிளம்பின. ஒவ்வொன்றின் இறக்கை நுனிகளிலும் மொத்தம் 104 ராக்கெட்டுகள், 70 மி.மீ. ரகம். ஜெர்மானியர்கள் 1945-ல் மீ-262 ஜெட்டில் பொருத்திய 55 மி.மீ. மடக்கு இறகு ராக்கெட்டைப் பார்த்து உருவானது அது. குண்டுவீச்சு விமானத்தின் மேல் ராக்கெட்டைக் கொத்தாகக் கொட்டினால் ஒன்றாவது படும் என்பது கணக்கு.

ஹெல்கேட் வளைந்து வளைந்து பறந்ததில் தானியங்கிக் குறிபார்க்கும் கருவி திணறியது. சரி, கண்ணால் பார்த்துச் சுடலாம் என்றால், இனி தேவைப்படாது என்று குறிக்கண்ணாடியை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். 208-ம் தவறின. கீழே விழுந்த ராக்கெட்டுகள் வைத்த தீயில் சுமார் 1,000 ஏக்கர் காடும் புல்லும் கருகின. ஹெல்கேட்டோ எண்ணெய் தீர்ந்து, பாம்டேல் அருகே பாலைவனத்தில் தானாக விழுந்தது.

நம் விமானப்படை ராக்கெட் பயன்படுத்தியிருக்கிறதா?
– வாசகர், எண்ணூர்

1971 டிசம்பர் 14-ல் மிக்-21கள் டாக்கா கவர்னர் மாளிகை மேல் 57 மி.மீ. ராக்கெட்டுகளைச் சுட்டன. கவர்னர் மாலிக் அன்றே ராஜினாமா எழுதினார். அதே மாதம் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் ஹண்டர் விமானங்கள் பாலைவனத்துப் பாகிஸ்தான் டாங்கிகள் மேல் ராக்கெட்டையும் 30 மி.மீ. பீரங்கியையும் இறக்கின. மறைய மரமோ மேடோ இல்லாத மணல்வெளி ராக்கெட்டுக்கு வாய்ப்பான களம்.

கார்கில் அப்படியல்ல. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். தடை குறைவதால் சமவெளிக்கு வகுத்த கணக்கில் சுட்டால் ராக்கெட் இலக்கைத் தாண்டிப் போகும். அங்கே இலக்கும் சிறு பாறை அரண்தான், தாண்டினால் எதிர்ப்பக்கப் பள்ளத்தாக்கு. கிட்டே போய்ச் சுடலாம் என்றால் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு ஆளாக வேண்டும். 1999 மே 28-ல் ராக்கெட் சுடப் போன மி-17 ஹெலிகாப்டர் ஒன்று அப்படி வீழ்ந்தது, நால்வர் இறந்தார்கள். அதன்பின் மி-17ஐ அந்த வேலைக்கு அனுப்பவில்லை. இப்போது ருத்ரா, பிரசண்ட் ஹெலிகாப்டர்கள் 70 மி.மீ. ராக்கெட் சுமக்கின்றன.

உக்ரைன் போர் வீடியோக்களில் ஹெலிகாப்டர் மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்துச் சுடுகிறதே?
– வாசகர், திருவொற்றியூர்

ஏவுகணைக்குப் பயந்து. தாழப் பறந்து வந்து, தூக்கிச் சுட்டு, திரும்பி ஓடிவிடலாம். தூரம் கூடும், ஆனால் ராக்கெட்டுகள் ஒரு பெரிய மைதானம் முழுக்கச் சிதறும். டாங்கி மேல் பட்டால் அது அதிர்ஷ்டம். நின்ற நிலையில் சுடுவது இன்னும் மோசம்: மேல்விசிறி கீழே தள்ளும் காற்றுக்கு எதிராக ராக்கெட் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். வியாசர்பாடி மாணவிக்குச் சொன்ன அதே விதிதான்.

விமானம் தரையில் நிற்கும்போது ராக்கெட் தானாகப் போய்விடாதா?
– தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவு ஊழியர், மணலி

போயிருக்கிறது. 1967 ஜூலை 29, வியட்நாம் அருகே டோங்கின் வளைகுடாவில் அமெரிக்காவின் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பல். ஃபேன்டம் விமானம் ஒன்றில் வெளி மின்சாரத்திலிருந்து விமானத்தின் சொந்த மின்சாரத்துக்கு மாற்றும்போது ஒரு மின்துள்ளல். 127 மி.மீ. ஸூனி ராக்கெட் சீறி, தளத்தின் மறுபக்கம் நின்ற ஸ்கைஹாக் விமானத்தின் எண்ணெய்த் தொட்டியைக் கிழித்தது. எண்ணெய்த் தீ, அதில் வெந்த குண்டுகள், அடுத்தடுத்து வெடிப்பு. 134 பேர் இறந்தார்கள்.

இதைத் தடுக்க இரண்டு பூட்டுகள் இருந்தன. ஒன்று, கொத்துக் குழலில் செருகும் பாதுகாப்பு ஊசி. மற்றது, ராக்கெட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வால் ஒயர். விமானம் பாயத் தயாராக, அதைத் தளத்திலிருந்து உந்தி எறியும் கவணில் நிற்கும்போதுதான் ஒயரை மாட்ட வேண்டும் என்பது விதி. நேரம் மிச்சம் பிடிக்க முன்கூட்டியே மாட்டும் பழக்கம் வந்திருந்தது, ஊசி இருக்கிறதே என்ற தைரியத்தில். அன்று ஊசியும் இல்லை.