பதில்: முன்னணியில் இருந்த கார் ஏன் பின்தங்கியது?

தம்பி, பிரான்சில் ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் 24 மணி நேர லீ மான்ஸ் கார் பந்தயத்தில், எல்எம்ஜிடி3 என்ற பிரிவில் முதலில் ஓடிய அணி, வேகமான ஓட்டுநரை இறக்கிவிட்டு மெதுவானவரை ஏற்றியது சதிதானே என்று திருவாரூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சதி இல்லை, கட்டாயம்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ, ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, கடைசியாக வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. இந்தப் பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கலத் தர ஓட்டுநர் வேண்டும். அங்கே 24 மணி நேரத்தில் அவர் குறைந்தது 6 மணி நேரம் ஓட்டியாக வேண்டும். நம் வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுவதைப் போலத்தான். தலைமடைக்கு எவ்வளவு அவசரம் என்றாலும் கடைமடையின் முறை வந்தால் மதகைத் திறந்தே ஆக வேண்டும். எந்த நேரத்தில் திறப்பது என்பதில்தான் அணியின் சாமர்த்தியம் இருக்கிறது.

மன்னார்குடியில் இரவு ஏழரைக்குப் பந்தயம் தொடங்கும்போதே பழைய கணக்கு நோட்டை எடுத்துக்கொள்வேன். வெண்கல ஓட்டுநர் ஏறிய நேரம், இறங்கிய நேரம், அவ்வளவுதான் குறிப்பேன். விடியும்போது எவருடைய 6 மணி நேரம் முடிந்திருக்கிறதோ, அந்தக் காரைத்தான் கவனிப்பேன். நடுவில் நீங்கள் பார்த்த முதலிடம் உண்மையான நிலவரம் அல்ல.

அந்த ஓட்டுநரைத் திட்டாதீர்கள். இருட்டில் பின்னாலிருந்து பாய்ந்து வரும் வேகமான பிரிவுக் கார்களுக்கு வழிவிடுவது கொடுமையான வேலை. 2011இல் அப்படி வேகமான பிரிவில் ஓடிய ராக்கன்ஃபெல்லரின் ஆடி (Audi) கார், தொழில்முறை ஓட்டுநர் அல்லாத ராப் காஃப்மனின் பெராரியோடு இரவில் மோதிச் சிதறியது. அந்த அணியில் மிஞ்சிய ஒரே ஆடி கார் 13.854 விநாடி வித்தியாசத்தில் வென்றது.