கழுத்துக் கூனலுக்கு ஆபரேஷன்: முன்பக்கமா, பின்பக்கமா?

கேள்வி: வயது 58, தையல் தொழில். கழுத்து ஜவ்வு மூன்று இடத்தில் தேய்ந்து, தலை முன்னால் தொங்கிவிட்டது. இப்போது ஊசியில் நூல் கோக்கவும் கை வரவில்லை. ஒரு டாக்டர் முன்பக்கம் மட்டும் ஆபரேஷன் போதும் என்கிறார், இன்னொருவர் முன்னும் பின்னும் செய்ய வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?
- வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அந்த ஊசி விஷயம். வலியைவிட எனக்கு அதுதான் கவலை. ஜவ்வின் முன்பக்க உயரம் குறையக் குறைய, கழுத்தின் இயல்பான வளைவு நேராகி, அப்புறம் எதிர்ப்பக்கமாக மடங்கும். அப்போது உள்ளே இருக்கும் தண்டுவடம் எலும்புகளின் பின்விளிம்பில் இழுபட்டு அழுந்தும். பொத்தான் போட முடியாமல் போவது, கையெழுத்து கோணுவது, செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது எல்லாம் இந்தக் கணக்குதான். இதற்கு மாத்திரையோ பெல்ட்டோ தீர்வு இல்லை.

இரண்டு டாக்டர்களில் ஒருவர் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். தலையை நிமிர்த்தும்போது கூனல் நிமிர்கிறதா என்பதுதான் கேள்வி. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே அதைச் சொல்லும், பின்பக்க மூட்டுகள் ஒட்டிப்போயிருக்கிறதா என்பதை சி.டி. காட்டும், தண்டுவடத்தின் நிலைமைக்கு எம்.ஆர்.ஐ. கழுத்து நிமிர்கிறது, பாதிப்பும் இரண்டு மூன்று ஜவ்வோடு நிற்கிறது என்றால் முன்பக்கமே பெரும்பாலும் போதும்: கெட்ட ஜவ்வை எடுத்து, அந்த இடத்தில் கூண்டு (cage) என்கிற சின்னத் தாங்கியை வைத்து உயரத்தை மீட்டு, பிளேட் போட்டு இறுக்குவார்கள். நிறைய இடங்களில் நெருக்கல் இருந்து, கழுத்தும் நன்றாக நிமிர்ந்தால், பின்னாலிருந்து ஸ்குரூ, கம்பி வைத்துச் சரிசெய்வதும் உண்டு. மூட்டுகள் ஒட்டி இறுகிவிட்டால் ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தி நிமிர்த்த முடியாது, அங்கேதான் முன்னும் பின்னும் தேவைப்படும். ஆனால் ஸ்குரூ எதுவும் வைக்காமல் பின்பக்க எலும்பை மட்டும் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள், கூனல் உள்ளவருக்கு அது கூனலை இன்னும் கூட்டிவிடக்கூடும்.

சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் என்றால் கொஞ்ச நாள் விழுங்கச் சிரமம், சிலருக்குக் குரல் கரகரப்பு. பின்பக்கம் என்றால் தசை வலியும் புண்ணில் கிருமித் தொற்றும் அதிகம். எந்த வழியில் போனாலும் சிலருக்குத் தோளைத் தூக்க முடியாமல் போகும், பெரும்பாலும் மாதக்கணக்கில் சரியாகிவிடும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், ஆபரேஷனில் இறுக்கிய எலும்புகள் ஒன்றாக ஒட்ட வேண்டும், அப்படி ஒட்டாமல் போவதற்கு அது முக்கியக் காரணம்.

ஆபரேஷனின் முதல் நோக்கம் கை இதற்கு மேல் மோசமாகாமல் தடுப்பது. பழைய லாவகம் எவ்வளவு திரும்பும் என்பது தண்டுவடம் எவ்வளவு நாள் அழுந்திக் கிடந்தது என்பதைப் பொறுத்தது, அதனால் தைலம் தேய்த்துக்கொண்டு மாதங்களை ஓட்டாதீர்கள். சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கக் கொடுக்கவே கூடாது. தலை திரும்பாமலே போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், கழுத்துத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது. குனிவதுதான் குறையும், எனவே திரும்ப மெஷினில் உட்காரும்போது துணி கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி மேஜையை உயர்த்திக்கொள்ளுங்கள்.