பாஸுக்காகப் போட்ட பாதை

கேள்வி: நான், என் மனைவி, என் தங்கை, அவள் கணவர் என நான்கு பேர் வரும் ஜூன் மாதம் ஐரோப்பா போகிறோம். எல்லோருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஏஜெண்ட் போட்டுத் தந்த பயணம் இது: பாரீஸில் இறங்கி 4 இரவு, அங்கிருந்து ரயிலில் ரோம் 3 இரவு, ஃபுளோரன்ஸ் 1, வெனிஸ் 2, சுவிட்சர்லாந்து 3, மறுபடி பாரீஸ் வந்து 1 இரவு தங்கி விமானம். நான்கு பேருக்கும் யூரெயில் பாஸ் (ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களுக்கும் பொதுவான ஒரே சீட்டு) கட்டாயம், இல்லாவிட்டால் ஜூனில் ரயிலில் இடம் கிடைக்காது, விசாவும் தர மாட்டார்கள் என்கிறார். 20 ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். பாஸ் வாங்கலாமா? - கோவை வாசகர்.

பதில்: வாங்க வேண்டாம். ஆனால் பாஸைப் பற்றிப் பேசும் முன் உங்கள் ஏஜெண்ட் போட்ட பாதையைப் பார்ப்போம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வரைபடத்தைப் பிரித்து வைத்து விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். பாரீஸ் வடக்கே இருக்கிறது, ரோம் தெற்கே. நடுவில் சுவிட்சர்லாந்து. உங்கள் ஏஜெண்ட் முதலில் உங்களைத் தெற்குக் கடைசிக்குக் கொண்டுபோகிறார். பாரீஸிலிருந்து ரோம் போக, மிலானில் மாறி, பத்து மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே உட்கார வேண்டும். பிறகு அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றி, திரும்பப் பாரீஸில் கொண்டுவந்து விடுகிறார். ஒரு பகல் ரயிலில் போச்சு, கடைசி இரவு வெறும் விமானத்துக்காகப் போச்சு. இப்படி நீளமாகச் சுற்றினால்தான் பாஸ் லாபம் என்று கணக்குக் காட்ட முடியும். உங்கள் பாதைக்காகப் பாஸ் வரவில்லை ஐயா, பாஸுக்காகத்தான் பாதை போட்டிருக்கிறார்கள்.

விமான டிக்கெட்டை 'போய்வர ஒரே ஊர்' என்று எடுக்காதீர்கள். பாரீஸில் இறங்கி ரோமில் ஏறுவது போல 'மல்டி சிட்டி' டிக்கெட் கேளுங்கள். சென்னையிலிருந்து பறக்கும் வளைகுடா விமான நிறுவனங்கள் இரண்டு ஊருக்கும் போகின்றன. விலையில் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்படி எடுத்தால் பாதை ஒரே கோடாக நேராகிவிடும்: பாரீஸ் 4 இரவு, சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் 4, வெனிஸ் 2, ஃபுளோரன்ஸ் 1, ரோம் 3. பாரீஸுக்குத் திரும்பி வரத் தேவையில்லை. அந்த ஓர் இரவு சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் மாறும் ரயில் நாட்கள் நான்குதான்.

இப்போது பாஸ். யூரெயில் பாஸ் 1959-இல் வந்தது. கையில் பாஸை வைத்துக்கொண்டு எந்த ரயிலில் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. இன்றும் அதே கவர்ச்சியைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் நீங்கள் போகும் தடத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவி, பாரீஸிலிருந்து சுவிட்சர்லாந்து போகும் லிரியா, இத்தாலியின் அதிவேக ரயிலான ஃப்ரெச்சாரோசா ஆகியவற்றில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். இத்தாலிக்குள் ஒரு பயணத்துக்கு ஆளுக்குப் பத்துப் பதினைந்து யூரோ, லிரியாவுக்கு அதைவிட அதிகம். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஃபுளோரன்ஸ்-ரோம் ஒன்றரை மணி நேரப் பயணம்தான். சீக்கிரமாக எடுத்தால் முழு டிக்கெட்டே இருபது முப்பது யூரோவுக்குக் கிடைத்துவிடும். 2012 முதல் இத்தாலோ என்ற தனியார் ரயில் அரசு ரயிலோடு போட்டிக்கு ஓடுவதால் அங்கே விலை அடக்கமாகவே இருக்கிறது. பாஸுக்கும் பணம் கொடுத்து, மேலே இருக்கைக்கும் கொடுப்பது எதற்கு?

இன்னொன்றும் உண்டு. பாஸ்காரர்களுக்கென்று டிஜிவி, லிரியா ரயில்களில் ஒதுக்கும் இடங்கள் குறைவு. அவை தீர்ந்துவிட்டால், சாதாரண டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கும்போதே 'உங்களுக்கு இடமில்லை' என்பார்கள். ஜூனில் இடம் கிடைக்காது என்று உங்கள் ஏஜெண்ட் பயமுறுத்தியது உண்மையில் பாஸ் வைத்திருப்பவருக்குத்தான் பொருந்தும். இங்கே மாதிரி காத்திருப்புப் பட்டியல், ஆர்ஏசி, சார்ட் எதுவும் அங்கே கிடையாது. இடம் இருக்கும்வரை, காசு கொடுத்தால் இருக்கை எண்ணோடு டிக்கெட். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், அவ்வளவுதான்.

விசா விஷயத்தில் சொன்னது சுத்தப் பொய். ஷெங்கன் விசாவுக்கு (நீங்கள் போகும் மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) பயணத் திட்டம், தங்குமிடம், விமான முன்பதிவு, காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். ரயில் பாஸ் வாங்கியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எந்தத் தேதியில் ரயிலில் போகிறோம் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதி வைத்தால் போதும். போலி முன்பதிவுச் சீட்டு தயாரித்துத் தருகிறோம் என்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மாட்டினால் பெயர் கெடுவது உங்களுக்குத்தான்.

பாரீஸில் இறங்குவதால் பிரான்ஸ் விசா போட்டுவிடலாம் என்று ஏஜெண்ட் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் இனிமேல் சொல்வார். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. என் கணக்குப்படி பிரான்ஸ் 4, சுவிட்சர்லாந்து 4, இத்தாலி 6. ஆகவே இத்தாலி. எங்கே அப்பாயின்ட்மெண்ட் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிட்டு இரவுக் கணக்கை மாற்றி எழுதித் தரும் வழக்கம் ஏஜெண்டுகளிடம் பரவலாக இருக்கிறது. கையெழுத்து போடும் முன் எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் எனக்கும் பொறுமை போய்விடுகிறது. மலிவான டிக்கெட் வேண்டுமானால் இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்க வேண்டும், அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. விசா வருவதற்கு முன் அப்படிப்பட்ட டிக்கெட்டை வாங்காதீர்கள் என்று தூதரகங்களே சொல்கின்றன. விசாவோ, அப்பாயின்ட்மெண்ட் கிடைத்து முடிவு வர எத்தனை வாரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவருக்கு 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் திரும்பாது. பணத்தை ஒன்றாக்கினார்கள், எல்லைச் சோதனையை எடுத்தார்கள், ஆனால் பாரீஸிலிருந்து ரோம் வரை எல்லா ரயிலையும் ஒரே இடத்தில் அரசுகளே விற்கும் ஓர் இணையதளத்தை இன்று வரை உருப்படியாகக் கட்டவில்லை. ஒரு நாடு நான்கு மாதத்துக்கு முன் விற்பனையைத் திறக்கும், இன்னொன்று ஆறு மாதத்துக்கு முன். அந்த இடைவெளியில்தான் ஏஜெண்டுகள் கடை விரிக்கிறார்கள்.

சரி, வழி என்ன? விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூன் பயணம் என்றால் ஜனவரியில் அப்பாயின்ட்மெண்ட் தேடத் தொடங்குங்கள். விசா கைக்கு வந்த அன்று மாலையே இரண்டு டிக்கெட் எடுங்கள்: பாரீஸ்-லூசெர்ன், லூசெர்ன்-வெனிஸ். இத்தாலிக்குள் ஓடும் ரயில்கள் அடிக்கடி இருப்பதால் அவற்றை ஒரு வாரம் கழித்து நிதானமாக எடுக்கலாம். அந்தந்த நாட்டு ரயில்வேயின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்து வைக்காவிட்டால் கார்டு மறுக்கப்படும். பலர் இதைத் தெரியாமல்தான் 'நமக்கு அங்கே வாங்க முடியாது' என்று ஏஜெண்டிடம் திரும்புகிறார்கள்.

டிக்கெட் வாங்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நடுவில் ரயில் மாறினாலும் முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். பாரீஸிலிருந்து சுவிஸ் எல்லை ஊரான பாசல் சுமார் மூன்று மணி நேரம், அங்கே மாறி லூசெர்னுக்கு ஒரு மணி நேரம். ஒரே டிக்கெட்டாக இருந்து முதல் ரயில் தாமதமானால், அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்புவது ரயில்வேயின் பொறுப்பு. பத்து யூரோ மிச்சம் என்று இரண்டாகப் பிரித்து எடுத்தால், தவறவிட்ட இரண்டாவது டிக்கெட் குப்பைக்கூடைக்கு. சேரும் இடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் விலையில் கால் பங்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் பாதியும் திரும்பத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இருக்கிறது. ஆனால் நாமாகக் கேட்டால்தான் தருவார்கள்.

சுவிட்சர்லாந்து மட்டும் வேறு கதை. மேலே பாஸ் வேண்டாம் என்றேன் அல்லவா, இங்கே அதை ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. இங்கே யூரெயில் அல்ல, 'சுவிஸ் டிராவல் பாஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. 3, 4, 6, 8, 15 நாட்களுக்குத் தருகிறார்கள். ரயில், பேருந்து, ஏரிப் படகு, ஊருக்குள் டிராம் எல்லாம் இதில் அடக்கம். சுற்றுலாவுக்கென்றே ஓடும் சில சிறப்பு ரயில்களைத் தவிர, சாதாரண உள்நாட்டு ரயில்களுக்கு முன்பதிவே வேண்டாம். உங்கள் ஏஜெண்ட் பட்டியலில் சாதாரண சுவிஸ் உள்நாட்டு ரயிலுக்கு 'இருக்கைக் கட்டணம்' என்று ஏதாவது இருந்தால் அடித்துவிடுங்கள்.

லூசெர்னில் தங்கினால் இந்தப் பாஸ் நன்றாகப் பலன் தரும். லூசெர்ன் ஏரியில் படகேறி விட்ஸ்னாவ் போய், அங்கிருந்து 1871 முதல் ஓடும் பல்சக்கர ரயிலில் ரீகி மலை உச்சிக்குப் போகலாம். படகு, மலை ரயில் இரண்டும் பாஸிலேயே சேர்ந்தவை, தனிக் காசு வேண்டாம். டிட்லிஸ் போனால், மலையடிவாரமான எங்கல்பெர்க் வரை ரயில் இலவசம், அதற்கு மேல் கேபிள் காருக்குப் பாதி விலை. (அட்டையில் வெட்டி வைத்த ஷாருக் கான், கஜோல் உருவங்களோடு நின்று படமெடுக்கத்தான் நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அங்கே ஏறுகிறார்கள். அது அவரவர் விருப்பம்.)

ஆனால் யுங்ஃப்ராவ்யோக் போகும் ஆசை இருந்தால் கணக்கு மாறும். 3454 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையம் வரைக்கும் சுவிஸ் டிராவல் பாஸ் செல்லாது. அதற்குக் கீழே இருக்கும் கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கென் ஊர் வரைதான் செல்லும். அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டும், மிச்ச முக்கால் பங்கை நீங்கள் கட்ட வேண்டும். அது சின்னத் தொகை அல்ல. பாஸ் இருக்கிறதே என்று போய், மேலே டிக்கெட் கவுன்டரில் திகைத்து நிற்கும் குடும்பங்கள் ஏராளம். விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

யுங்ஃப்ராவ்யோக் உறுதி என்றால் பாஸுக்குப் பதில் 'ஹாஃப் ஃபேர் கார்டு' வாங்குங்கள். ஒரு மாதம் செல்லும். ரயில், படகு, ரீகி, டிட்லிஸ், யுங்ஃப்ராவ்யோக் எல்லாவற்றிலும் பாதி விலை. யுங்ஃப்ராவ்யோக்கும் டிட்லிஸும் இரண்டும் ஏறுபவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கார்டுதான் லாபம். உயர மலைகளை விட்டுவிட்டு ரீகி, படகு, பக்கத்து ஊர்கள் என்று தினமும் சுற்றுபவர்களுக்குப் பாஸ் லாபம். இரண்டையும் சேர்த்து வாங்கச் சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்று பொருள். உங்கள் நால்வரில் யாருக்காவது இதயக் கோளாறோ மூச்சுத் திணறலோ இருந்தால் அந்த உயரத்துக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் இந்த வயதில் ரீகியே போதும். வானம் மூடியிருக்கும் நாளில் உச்சிக்குக் காசு கட்டிப் பனிமூட்டத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை, காலையில் நேரடிக் கேமராவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உள்நாட்டு ரயிலின் சாதாரண டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறாது, அவசரமே இல்லை.

இனி சில நிலையச் சங்கதிகள். பாரீஸில் பெரிய நிலையங்களே ஆறு. பாசல் ரயில் கார் த லியோனிலிருந்து கிளம்பும், கார் து நோருக்குப் போய் நின்றால் ரயில் போய்விடும். நடைமேடை எண் சுமார் இருபது நிமிடத்துக்கு முன்தான் பலகையில் வரும், புறப்பட இரண்டு நிமிடம் முன் கதவை அடைத்துவிடுவார்கள். லூசெர்னிலிருந்து மிலான் போகும் ரயில், 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கத்தைக் கடந்து போகும். மிலானில் மாறி வெனிஸ். வெனிஸுக்கு டிக்கெட் எடுக்கும்போது 'சாந்தா லூசியா' என்று பார்த்து எடுங்கள். 'மெஸ்த்ரே' என்பது கரைக்கு இந்தப் பக்கம் நிலத்தில் இருக்கும் ஊர். பலர் அங்கே இறங்கிவிட்டுக் கால்வாய் எங்கே என்று தேடுவார்கள். பெட்டி தூக்கக் கூலி ஆட்கள் கிடைப்பது அரிது. பெட்டியை நீங்களே தூக்கிப் படி ஏற வேண்டும், அதனால் ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி போதும். மாறும் இடங்களில் முக்கால் மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். இணையதளம் பத்து நிமிடத்தில் மாறலாம் என்று காட்டும், அதை நம்பாதீர்கள்.

ரோம் தெர்மினியிலும் பாரீஸ் நிலையங்களிலும் டிக்கெட் இயந்திரத்தின் அருகே சட்டை மடிப்புக் கலையாமல் ஒருவர் உதவ வருவார். கழுத்தில் ஏதோ அட்டை தொங்கும். அவர் ரயில்வே ஊழியர் இல்லை. பொத்தானை அழுத்திக் கொடுத்துவிட்டுக் காசு கேட்பார், அதற்குள் பின்னால் நிற்பவர் பையில் கை விட்டிருப்பார். உங்கள் டிக்கெட் கைபேசியிலேயே இருக்கும், இயந்திரத்துக்குப் போகும் தேவையே இல்லை. இத்தாலியில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முன்பணம் பற்றி: பாஸ் இன்னும் வாங்கவில்லை என்றால் அந்த 20 ஆயிரத்தை விமான டிக்கெட் கணக்கில் கழிக்கச் சொல்லுங்கள். வாங்கிவிட்டேன் என்று சொன்னால் பாஸ் எண்ணையும் ரசீதையும் அன்றே கேளுங்கள். பயன்பாட்டைத் தொடங்காத சாதாரணப் பாஸைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பகுதிப் பணம் கிடைக்கும். சலுகை விலையில் விற்றதற்கு அது பொருந்தாது. எண்ணைக் காட்ட இழுத்தடித்தால் அவர் இன்னும் வாங்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.