ஆளில்லாத நிலத்தை வரைவது: கேள்வியும் பதிலும்

கனவில் பார்த்ததை வரைய உட்கார்ந்தால் பாதி மறந்துபோகிறது. என்ன செய்யலாம், அக்கா?

எல்லாருக்கும் அப்படித்தான். விழித்ததும் எழுந்திருக்காமல் படுத்தபடியே நாலு வார்த்தை கிறுக்கிவையுங்கள். படம் அப்புறம். 1525-இல் ஜெர்மானிய ஓவியர் டியூரர், வானிலிருந்து பெருவெள்ளம் கொட்டுவதாகக் கனவு கண்டு உடல் நடுங்க விழித்தார். காலையில் அதை நீர்வண்ணத்தில் தீட்டினார். தாளின் கீழ்ப்பகுதி முழுக்க எழுத்துதான்: தண்ணீர் எவ்வளவு தூரத்தில் விழுந்தது, எப்படி மெதுவாக இறங்குவதுபோலத் தெரிந்தது என்றெல்லாம் குறித்திருக்கிறார்.

அடுத்தவர் கண்ட கனவை நான் வரையலாமா?

தாராளமாக. 1447-இல் கொரிய இளவரசர் ஆன்பியோங் ஒரு பீச் மலர்ப் பள்ளத்தாக்கைக் கனவில் கண்டார். அதைக் கேட்டு ஆன் கியோன் என்ற ஓவியர் மூன்றே நாளில் பட்டில் தீட்டிக் கொடுத்தார். அதில் ஒரு மனிதர்கூட இல்லை. காலி வீடுகள், ஆளில்லாத ஒரு படகு, அவ்வளவுதான். எனக்கு அந்தப் படகைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

நான் வரையும் வெட்டவெளி வெறும் காலியிடமாகவே இருக்கிறது. இத்தாலிய ஓவியர் டி கிரிகோ வரைந்த சதுக்கங்களில் வரும் கலக்கம் வருவதில்லை. எங்கே தவறுகிறேன்?

உங்கள் படத்தைப் பார்க்காமலே ஒன்று ஊகிக்கிறேன்: யாரோ இருந்து போன தடயம் அதில் இல்லை.

டி கிரிகோ 1910-இல், நோயிலிருந்து தேறிவரும் நேரத்தில், ஃபிளாரன்ஸின் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பலமுறை பார்த்த இடம். ஆனால் அந்த இலையுதிர்கால மதியத்தில் அதை முதல்முறை பார்ப்பதுபோலத் தோன்றியதாம். அதிலிருந்துதான் இந்தப் பாணியின் முதல் படம் பிறந்தது. பறக்கும் யானையோ உருகும் மலையோ அவருக்குத் தேவைப்படவில்லை. வளைவுகள், சுவர், நீண்ட நிழல் போதும். 1914-இல் வரைந்த தெருப் படத்தைப் பாருங்கள். ஒரு சிறுமி வளையம் உருட்டி ஓடுகிறாள். எதிரே கட்டிடத்தின் பின்னாலிருந்து ஒரு நிழல் நீள்கிறது. நிழலுக்கு உரியவர் படத்தில் இல்லை.

இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். இடப்பக்கக் கட்டிடத்தின் கோடுகள் போய்ச் சேரும் புள்ளி ஒன்று, வலப்பக்கத்துக்கு வேறொன்று. முதலில் கண்ணுக்குச் சிக்காது, ஆனாலும் தரை சரியில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள், பிடிபடும். ஆக, ஆட்களை அழித்தால் மட்டும் போதாது. நிழலையோ, திறந்து கிடக்கும் கதவையோ விட்டுவையுங்கள்.

கற்பனை நிலம் என்றால் முழுக்க மனதிலிருந்து வரவேண்டுமா, சார்?

(சார் இல்லை, அக்கா!) யாருக்கும் முழுக்க வந்ததாகத் தெரியவில்லை. ஸ்பானிய ஓவியர் சால்வடோர் தாலியின் உருகும் கடிகாரங்களுக்குப் பின்னால் நிற்பவை அவர் நன்கறிந்த கட்டலோனியக் கடற்கரைப் பாறைகள். 1931-இல் வரைந்த அந்தப் படம் 24 × 33 செ.மீ.தான், ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்த அளவு. இவ் தாங்கி என்ற பிரெஞ்சு ஓவியரின் கடலடி போன்ற வெளிகளில், சிறுவயதில் அவர் பார்த்த பிரான்ஸின் பிரிட்டானிப் பகுதிக் கரையும் அதன் பெருங்கற்களும் ஒளிந்திருப்பதாகச் சொல்வார்கள். அவர் தரையையும் வானத்தையும் பிரிக்கும் கோட்டையே பல படங்களில் கரைத்துவிடுவார். தூரம் கணக்கில்லாமல் போகும். ஈரத் தூரிகையால் தொடுவானத்தை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள்.

படத்துக்கு அர்த்தம் கேட்கிறார்களே?

தலைப்பு வையுங்கள். விளக்கம் வேண்டாம்.

பழைய வீட்டை நினைவிலிருந்து வரைகிறேன். புகைப்படத்தைப் பார்த்துத் திருத்தலாமா?

முதலில் பார்க்காமல் முடியுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். கதவு நிஜத்தைவிட உயரமாக வந்திருக்கும், நடைபாதை நீண்டிருக்கும், ஒரு ஜன்னலே காணாமல் போயிருக்கும். அவற்றைத் திருத்தாதீர்கள். கூரையின் நிறம் மாதிரிச் சில்லறை விஷயங்களை வேண்டுமானால் சரிசெய்துகொள்ளுங்கள்.