ஜுங்ஹ்வானுக்காக அழும் அம்மா

கேள்வி: எனக்கு 47 வயது. கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள் ‘ரிப்ளை 1988’ என்ற கொரியத் தொடரைப் போட்டுக் காட்டினாள். முதலில் சப்-டைட்டில் படிக்கவே சலிப்பாக இருந்தது. அப்புறம் ராத்திரி அடுப்படியைக்கூட ஒழிக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். கதாநாயகி டொக்சுன் ஜுங்ஹ்வானைத்தான் கட்டிக்கொள்வாள் என்று உறுதியாக நம்பினேன். கடைசியில் டேக் என்று முடித்துவிட்டார்கள். முடித்துப் பல நாளாகியும் மனசு ஆறவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதுகூட அழுகை வருகிறது. மகள் டேக் கட்சி. அதில் சண்டையாகி, ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகும் இருவரும் சரியாகப் பேசுவதில்லை. என் கணவர், “அழ வேற விஷயமே கிடைக்கலையா?” என்கிறார். அவரும் ஜுங்ஹ்வான் மாதிரிதான், வாயைத் திறந்து எதையும் சொல்லமாட்டார். நிஜத்தில் அந்த நடிகரும் நடிகையும் காதலித்தார்களாமே? அப்படியானால் எழுதியவர்தானே தப்புச் செய்தார்? இந்த வயதில் இப்படி அழுவது அசிங்கமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: அசிங்கமெல்லாம் இல்லை. நீங்கள் கொஞ்சம் தாமதமாக அழுகிறீர்கள், அவ்வளவுதான். 2016 ஜனவரி 16-ம் தேதி இருபதாவது எபிசோடோடு அந்தத் தொடர் முடிந்தபோதே கொரியாவில் இந்தச் சண்டை நடந்துவிட்டது. இரண்டு கட்சிகளுக்கும் பெயர்கூட இருந்தது. எப்படியும் மாப்பிள்ளை ரியூ ஜுன்-யோல்தான் என்று நம்பியவர்கள் ‘ஓநம்ரியு’. அவர்தான் உங்கள் ஜுங்ஹ்வானாக நடித்தவர். எப்படியும் டேக்தான் என்றவர்கள் ‘ஓநம்டேக்’. கடைசி எபிசோடை டி.வி.என். என்ற கேபிள் சேனல் ஒளிபரப்பியபோது ரேட்டிங் 18.8 சதவீதம். கொரியக் கேபிள் தொலைக்காட்சியில் அதுவரை எந்தத் தொடரும் அவ்வளவு தொட்டதில்லை. ஆக, உங்கள் கட்சியில் ஆள் நிறைய. தோற்ற கட்சி, அவ்வளவுதான்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. சியோலில் சாங்முன்-டாங் என்ற பகுதி, அதில் ஒரே சந்தில் ஐந்து குடும்பம், ஐந்து பிள்ளைகள், கூடவே வளர்ந்தவர்கள். அவர்களில் ஒரே பெண் டொக்சுன். நடுத்தர வயதாகிவிட்ட அவளும் அவள் கணவரும் இன்றைய காலத்தில் உட்கார்ந்து பழங்கதை பேசுகிறார்கள். அந்தக் கணவர் மற்ற நான்கு பையன்களில் யார் என்பதைத்தான் கடைசிவரை இழுக்கிறார்கள். படிப்பாளி, முசுடு, எதையும் வெளியே காட்டாத ஜுங்ஹ்வான் ஒருவன். பாதுக் என்ற கறுப்பு வெள்ளைக் காய் விளையாட்டில் நாடறிந்த ஆட்டக்காரனாக இருந்துகொண்டு, ஷூ கயிறு கட்டக்கூடத் தடுமாறும் டேக் இன்னொருவன்.

உங்கள் கோபத்தில் நியாயமான பாதி ஒன்று இருக்கிறது. முதலில் அதைக் கொடுத்துவிடுகிறேன். இயக்குநர் ஷின் வோன்-ஹோவும் எழுத்தாளர் லீ வூ-ஜுங்கும் இந்த ‘மாப்பிள்ளை யார்’ விளையாட்டை ‘ரிப்ளை 1988’க்கு முன்பே இரண்டு தொடர்களில் ஆடியவர்கள். 2012-ல் ‘ரிப்ளை 1997’, 2013-ல் ‘ரிப்ளை 1994’. இரண்டிலும் கரடுமுரடாகப் பேசிக்கொண்டு உள்ளுக்குள் உருகுகிறவனுக்குத்தான் பெண் கிடைத்தாள். அதைப் பார்த்துப் பழகியவர்கள் மூன்றாவதிலும் அப்படித்தான் என்று நினைத்ததில் என்ன தப்பு? போதாததற்கு, பெரியவரான கணவராக வரும் கிம் ஜூ-ஹ்யூக்கின் பேச்சும் சலிப்பும் கிண்டலும் அப்படியே ஜுங்ஹ்வான். அமைதியே உருவான டேக் எந்த வயதில் இப்படி நக்கல் பேசக் கற்றுக்கொண்டான் என்று தொடர் சொல்லவே இல்லை. இது மறைப்பதில்லை, ஆளைத் திசைதிருப்புவது. அதைவிடக் கொடுமை, பதினெட்டாவது எபிசோடுக்குப் பிறகு ஜுங்ஹ்வானை ஓரமாக நகர்த்திவிட்டார்கள். நடுத்தர வயதில் அவன் என்ன ஆனான் என்று ஒரு காட்சிகூடக் கிடையாது. அத்தனை பேரை அழவைத்தவனுக்கு ஒரு வழியனுப்பாவது வைத்திருக்கலாம். இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நானும் நிற்கிறேன்.

ஆனால் டொக்சுன் டேக்கைத் தேர்ந்தெடுத்தது தப்பு என்றால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஜுங்ஹ்வான் செய்ததையெல்லாம் நினைத்துப் பாருங்கள். காலையில் அவள் வரும்வரை வாசலில் நின்று ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவான். கூட்டமான பஸ்ஸில் அவள் மேல் யாரும் இடிக்காமல் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து அணை போடுவான், மணிக்கட்டில் நரம்பு புடைத்து நிற்கும். மழை ராத்திரியில் குடையோடு காத்திருந்து, கையில் திணித்துவிட்டு, சீக்கிரம் வீட்டுக்கு வந்து சேர் என்று திட்டுகிற குரலில் சொல்லிவிட்டுப் போய்விடுவான். இதையெல்லாம் பார்த்தது யார்? நீங்கள். கேமரா உங்களை அழைத்துக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேரே உட்கார வைத்தது. அந்த நரம்பைக் காட்டியது, குடை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவன் உதட்டோரம் வந்த சிரிப்பைக் காட்டியது. டொக்சுனுக்கு முதுகுதான் தெரிந்தது. அவள் கணக்கில் அவன் ஓயாமல் கடிந்துகொள்ளும் பக்கத்து வீட்டுப் பையன். நடுவில் ஒருமுறை, ஒருவேளை இவனுக்கு நம்மைப் பிடிக்குமோ என்று அவளே நினைத்துப் பார்த்தாள். அவள் ஒரு அடி வைத்தபோதெல்லாம் அவன் இரண்டு அடி பின்னால் போனான்.

அவன் ரகசியம் முழுக்க உங்களிடம் இருந்தது, அவளிடம் ஒன்றுமில்லை. உங்களுக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு அவளைத் தீர்ப்பளிக்கச் சொல்கிறீர்கள்.

டேக், தனக்கு டொக்சுனைப் பிடிக்கும் என்று நண்பர்கள் நடுவில் பளிச்சென்று சொல்லிவிடுவான். அந்த நிமிடத்திலிருந்து ஜுங்ஹ்வான் ஒதுங்கிக்கொள்கிறான். பின்னால் ஜுங்ஹ்வான் பர்ஸில் அவள் படத்தைப் பார்த்ததும் டேக்கும் ஒதுங்குகிறான், அவளோடு போட்டிருந்த சினிமாத் திட்டத்தை ரத்து செய்துவிடுகிறான். நட்புக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்று நாம் உருகுகிறோம். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பெண்ணை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிறார்கள், அவளை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேக் பிறகு அதைச் சரிசெய்துகொண்டான். ஜுங்ஹ்வான் செய்துகொள்ளவில்லை.

அவளை யாரும் கேட்பதில்லை என்பதுதான் தொடரின் முதல் எபிசோடே. மகளோடு சண்டை போட்ட மும்முரத்தில் அதை மறந்திருப்பீர்கள். நடுப்பெண் அவள். அக்கா போரா பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கிலேயே சில மெழுகுவத்தியைக் குறைத்துவிட்டு அவளுக்கும் கொண்டாடிவிடுவார்கள். கோழிக்காலும் முட்டையும் அக்காவுக்கும் தம்பிக்கும்தான். அதே எபிசோடில் 1988 சியோல் ஒலிம்பிக் ஊர்வலத்தில் மடகாஸ்கர் அணியின் பெயர்ப்பலகை பிடிக்கப் பயிற்சி எடுப்பாள். மடகாஸ்கர் ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிடும். இது நிஜமாகவே நடந்தது, அந்த நாடு அந்த வருடம் வரவில்லை. அதற்கும் அவள்தான் அழவேண்டும். கடைசியில் அப்பா சந்தில் ஒரு சின்ன கேக்கோடு வந்து நின்று, அப்பாவுக்கும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை என்ற அர்த்தத்தில் மன்னிப்புக் கேட்பார்.

இந்தப் பெண் பதினெட்டு வயதில் யாரைக் காதலிப்பாள்? தன்னை யாருக்குப் பிடிக்கும் என்று தோழிகள் சொல்கிறார்களோ, அவனை. முதலில் அதே சந்துப் பையன் சன்வூ என்றார்கள், அவன் பின்னால் போனாள். அவன் விரும்பியதோ இவள் அக்காவை. அடுத்து ஜுங்ஹ்வான் என்றார்கள், அவன் பின்னால் பார்த்தாள். அப்போது ஐவரில் கோமாளியான டாங்ரியோங்தான் அவளிடம் கேட்பான்: உன்னை யாருக்குப் பிடிக்கும் என்பதை விடு, உனக்கு யாரைப் பிடிக்கும்? என்னைக் கேட்டால் அந்தத் தொடரில் மிக முக்கியமான காட்சி அதுதான். அவள் யாரைப் பார்க்கிறாள் என்று கவனித்துப் பாருங்கள். சீனாவுக்குப் போட்டிக்குப் போகிற டேக்கோடு துணைக்குப் போய் அவன் அறை, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறவள் அவள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே செய்தது.

பதினெட்டாவது எபிசோடு உங்களைக் கொன்றிருக்கும் என்று தெரியும். 1994. டொக்சுன் கச்சேரிக்குத் தனியாகப் போயிருக்கிறாள் என்று தெரிந்து ஜுங்ஹ்வான் காரை விரட்டுகிறான். ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு. போய்ச் சேரும்போது, போட்டியையே விட்டுவிட்டு வந்த டேக் அங்கே நிற்கிறான். அப்போது ஜுங்ஹ்வான் தனக்குள் சொல்லிக்கொள்வது என்ன? குற்றம் சிக்னல் மேல் இல்லை, நேரத்தின் மேலும் இல்லை, இத்தனை வருடம் தயங்கிய தன் மேல்தான் என்கிறான். பிறகு ஒரு உணவகத்தில் விமானப்படைக் கல்லூரி மோதிரத்தை அவள் முன்னால் வைத்து, மனதில் இருந்த அத்தனையையும் கொட்டிவிட்டு, உடனே எல்லாம் விளையாட்டு என்று சிரித்து மழுப்பிவிடுவான். மோதிரம் மேஜையிலேயே கிடக்கும். கடைசி வாய்ப்பிலும் அவனால் பின்வாங்காமல் இருக்க முடியவில்லை. எழுத்தாளர் அவனுக்கு அநியாயம் செய்யவில்லை. அவன் யாரோ, அப்படியே எழுதியிருக்கிறார்.

முடிவு தப்பாகப் போவது எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் அமெரிக்காவின் ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ இருக்கிறது. கடைசிக் காட்சியில் பிள்ளைகள் பேசுவதை, அவர்கள் வளர்ந்துவிடுவார்களே என்று, தொடரின் ஆரம்ப வருடங்களிலேயே படம் பிடித்துப் பூட்டிவிட்டார்கள். கதை ஒன்பது சீசன் ஓடி வேறு எங்கோ போய்விட்டது. கடைசி சீசன் முழுக்க ஒரே கல்யாண வாரக்கடைசியைக் காட்டிவிட்டு, 2014 மார்ச்சில் வந்த இறுதி எபிசோடில் அந்த ஜோடியைச் சில நிமிடத்தில் விவாகரத்து செய்து, பழைய காட்சியை ஒட்டினார்கள். ரசிகர்கள் கொதித்ததில், டி.வி.டி.யில் வேறொரு முடிவைப் போட்டுத் தரவேண்டியதாயிற்று. உங்களுக்கு நடந்தது அதுவல்ல.

நம் ஊரில் மட்டும் என்ன? ‘பொன்னியின் செல்வன்’ 1954-ல் முடிந்தபோது திருப்தியில்லை என்று வாசகர்கள் சொல்ல, கல்கி தனியாக முடிவுரை எழுதி, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று விளக்கினார். உங்கள் அம்மாவோ பாட்டியோ அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம்.

நிஜக் காதல் பற்றிக் கேட்டீர்கள். டொக்சுனாக நடித்த ஹேரியும் ரியூ ஜுன்-யோலும் பழகுவதை 2017-ல் அவர்கள் நிறுவனங்கள் உறுதிசெய்தன. 2023-ல் பிரிந்ததையும் உறுதிசெய்தன. எழுத்தாளர் தப்பு என்பதற்கு முதல் செய்தி சாட்சி என்றால், எழுத்தாளர் சரி என்பதற்கு இரண்டாவது செய்தி சாட்சியாகிவிடும். வேண்டாமே. இரண்டு இளைஞர்களின் சொந்த வாழ்க்கை அது, அவர்களை விட்டுவிடுவோம். டேக்காக நடித்த பார்க் போ-கம் மீதும் கோபம் வேண்டாம். கொடுத்த வசனத்தைப் பேசினார்.

இனி உங்கள் வீடு. கடிதத்தில் ஒரு வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள்: கணவரும் வாயைத் திறந்து எதையும் சொல்லமாட்டார் என்று. பல வருடக் குடித்தனத்தில், சொல்லாததைப் படிக்க நீங்கள் பழகிவிட்டீர்கள். அதனால்தான் ஜுங்ஹ்வானின் குடையை மற்றவர்களைவிட வேகமாகப் படித்தீர்கள். இருபது வயது மகள், “ஏம்மா, வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?” என்கிறாள். அவள் டேக் கட்சிக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. இதில் யார் சரி என்று வாதாடாதீர்கள். போன் போட்டு, டேக்கிடம் உனக்கு எது பிடித்தது என்று மட்டும் கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். எப்படிப்பட்ட பையன் பிடிக்கும் என்று நேராகக் கேட்டால் எந்தப் பெண்ணும் அம்மாவிடம் வாயைத் திறக்கமாட்டாள். டேக்கைப் பற்றிக் கேட்டால் ஒரு மணிநேரம் பேசுவாள். பிறகு ஜுங்ஹ்வானை உங்களுக்கு ஏன் பிடித்தது என்று நீங்களும் சொல்லுங்கள். அவளுக்குத் தன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் புரியலாம்.

அவள் அடுத்து வரும்போது போரா, சன்வூ கதையை மட்டும் இருவரும் சேர்ந்து திரும்பப் பாருங்கள். அதில் சண்டை வராது. இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர், ஒரே வம்சம் என்பதால் கல்யாணத்துக்குத் தடை. அப்படிப்பட்ட திருமணத்தைச் சட்டமே ஏற்காத காலம் அது. 1997-ல்தான் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. ஒரே கோத்திரம், அண்ணன் தங்கை முறை என்று கல்யாணம் நின்ற கதை நம் பக்கம் எத்தனை கேட்டிருக்கிறோம்! உங்களுக்கு அங்கே பேச நிறைய இருக்கும், மகள் கேட்பாள்.

கணவருக்கு விளக்கம் எதுவும் சொல்லவேண்டாம். முதல் எபிசோடின் கடைசிக் கால்மணி நேரத்தை, அந்த அப்பா சந்தில் கேக்கோடு நிற்கும் காட்சியை, அவர் சாப்பிடும் நேரம் பார்த்து டி.வி.யில் ஓடவிடுங்கள். பெண்ணைப் பெற்றவர்தானே. அவர் மூக்கை உறிஞ்சினால் கவனிக்காத மாதிரி இருந்துவிடுங்கள், பதிலுக்குக் கிண்டல் செய்ய ஆசை வரும், வேண்டாம்.

அழுகை தானாகக் குறையும், அதை விரட்டாதீர்கள். பத்து நாள் கழித்தும் தூக்கம் வராமலோ சாப்பாடு இறங்காமலோ இருந்தால், அது ஜுங்ஹ்வான் விஷயமாக இருக்காது, டாக்டரைப் பாருங்கள். ‘ரிப்ளை 1994’ஐ இப்போதே ஆரம்பிக்க வேண்டாம். ஆரம்பித்தே தீருவேன் என்றால், மாப்பிள்ளை யார் என்று மகளிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். யார் என்ன சொன்னாலும் அது ஒன்றும் குற்றமில்லை.