எந்த பிளானர் வாங்கினாலும் இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறேன். நிலைத்து நிற்கும் முறை எது?

ஆப், அச்சடித்த பிளானர் எல்லாம் பார்த்துவிட்டதாகவும் எதுவும் இரண்டு வாரம் தாண்டவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். என் பதில் இது: இன்னும் மூன்று மாதத்துக்குப் புதிதாக எதையும் வாங்காதீர்கள். ஒரு குயர் கோடு போட்ட நோட்டு போதும். முடியாமல் போன வேலையை மறுநாள் உங்கள் கையாலேயே திரும்ப எழுதுங்கள். எனக்கு நிலைத்தது இந்த ஒரு பழக்கம்தான்.

நான் ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு மாதம் என்றாலே தேதிகள்தான். 7ஆம் தேதி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும், 11 ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கான விற்பனை விவரம்), 15 ஊழியர்களின் பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாத ஜிஎஸ்டி கணக்கைக் காட்டி வரி கட்டும் படிவம்). இதற்கு நடுவே சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) இன்டர் முதல் குரூப்பை முடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நான்கு பேப்பர். ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு உண்டு. இரண்டு தடவை பணம் கட்டிவிட்டுப் போகாமலே இருந்துவிட்டேன்.

அப்போது எனக்கு எல்லாமே போனில்தான். ஒரு 20ஆம் தேதி சாயங்காலம், ஒரு கிளையன்டின் 3பி இன்னும் போகவில்லை என்று ரிமைண்டர் வந்தது. வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்ததால் விரலால் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான், அந்த வேலை என் நினைவிலேயே இல்லை. 23ஆம் தேதிதான் கண்ணில் பட்டது. ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. மூன்று நாளுக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் எங்களை நம்பிக் கணக்கைக் கொடுத்தவருக்குப் போன் செய்து அதைச் சொன்ன ஐந்து நிமிஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

போனில் ஒரு வேலையைத் தள்ளிப்போட விரல் நுனி போதும். நோட்டில் தள்ளிப்போட வேண்டுமென்றால் அந்த வரியை முழுசாக மறுபடி எழுத வேண்டும். எழுதும்போதே ‘இது உண்மையிலேயே வேண்டுமா?’ என்ற கேள்வி வந்துவிடும்.

அமெரிக்காவைச் சேர்ந்த ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் 2013இல் புல்லட் ஜர்னல் என்று ஒரு முறையை வெளியிட்டார். சின்ன வயதிலேயே கவனக் குறைபாடு இருப்பதாகத் தெரியவந்தவர். தனக்கு உதவத்தான் இதை உருவாக்கிக்கொண்டார். வேலைக்கு ஒரு புள்ளி, நிகழ்ச்சிக்கு ஒரு வட்டம், குறிப்புக்கு ஒரு சிறு கோடு. முடிந்தால் புள்ளியின் மேல் பெருக்கல் குறி. மாதக் கடைசியில் முடியாததைக் கையால் அடுத்த மாதத்துக்கு நகர்த்த வேண்டும். நகர்த்த மனமில்லாததை அடித்துவிடலாம். இணையத்தில் தேடினால் பூவும் வண்ணமுமாகப் பக்கங்கள் வரும். அதெல்லாம் வரையத் தெரிந்தவர்களின் பிரியம், முறைக்கு அவசியமில்லை. ஒரு பேனா போதும்.

நான் தினமும் நகர்த்துகிறேன். ‘காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க’ என்று ஒரு வரி. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நான்கு நாள் எழுதினேன். வெள்ளிக்கிழமை பேனா அதே இடத்தில் நின்றுவிட்டது. எங்கே, எப்போது, எத்தனை கணக்கு என்று அந்த வரியில் எதுவுமே இல்லை. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும், சாப்பாட்டு மேஜையில், காஸ்ட் ஷீட் கணக்கு இரண்டு.’ அன்றைக்கே போட்டுவிட்டேன். ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே தீர்மானித்தால் வேலை நடக்கும் வாய்ப்பு கூடும் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999லேயே எழுதியிருக்கிறார். எனக்கு அதை நோட்டுதான் சொல்லிக்கொடுத்தது. போன டிசம்பரில் நான்கு பேப்பரும் எழுதினேன்.

அப்புறம், ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் எவ்வளவு நேரம் ஆகும் என்று குறித்து, முடிந்த பிறகு ஆன நேரத்தையும் எழுதுங்கள். ஒரு பேங்க் ரீகன்சிலியேஷனுக்கு (வங்கிக் கணக்கையும் கிளையன்டின் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) ஒரு மணி நேரம் என்று போடுவேன், இரண்டரை ஆகும். எல்லோரும் இப்படித்தான் குறைத்துக் கணிக்கிறோம் என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் எழுதிப் பார்த்ததும் ஒரு நாளைக்குப் பத்து வேலை எழுதுவதை நிறுத்திவிட்டேன். இப்போது நான்குதான்.

போனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதாமாதம் அதே தேதியில் வரும் வேலைகளுக்குப் போன் காலண்டர்தான் நல்லது. காலையில் அதைப் பார்த்து நோட்டில் ஏற்றிக்கொள்கிறேன். 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு என்கிற பொமடோரோ ராத்திரிப் படிப்புக்கு உதவியது. போன் அடித்துக்கொண்டே இருக்கும் ஆபீஸில் சரிப்படவில்லை.

தேதி அச்சடித்த பிளானர் மட்டும் உங்களுக்கு வேண்டாம் என்பேன். செப்டம்பரில் ஆடிட் நெருக்கடி வந்தால் பத்து நாள் நான் எதுவும் எழுத மாட்டேன். அச்சடித்த புத்தகத்தில் அந்தப் பத்து வெள்ளைப் பக்கங்களைப் பார்த்தால் திறக்கவே மனம் வராது. குயர் நோட்டில் அடுத்த வரியில் அன்றைய தேதியைப் போட்டு ஆரம்பித்துவிடலாம்.

இன்று ராத்திரி நாளைக்கான மூன்று வரி மட்டும் எழுதிப் பாருங்கள். எந்த வரி மூன்றாவது முறையும் நகர்கிறதோ, அதைக் கீழே கருத்தில் போடுங்கள். எப்படி உடைத்து எழுதலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.