50,000 ரூபாயை மாணவர்கள் யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: கலைக் கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கிறேன். முன்னாள் மாணவர் சங்கம் 50,000 ரூபாய் தந்து, அதை எந்தத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது என்று மாணவர்களே முடிவு செய்யட்டும் என்கிறது. இதை ஒரு பருவத்துப் பாடமாக எப்படி நடத்துவது?

பதில்: முதலில், தொகையைப் பங்கு போட விடாதீர்கள். பத்து நிறுவனங்களுக்குத் தலா 5,000 என்று பிரித்தால் யாரையும் மறுக்க வேண்டியிருக்காது. கற்றுக்கொள்ளவும் எதுவும் இருக்காது. ஒன்றுக்குக் கொடுங்கள், மிஞ்சிப்போனால் இரண்டுக்கு.

அமெரிக்காவின் நார்தர்ன் கென்டக்கி பல்கலைக்கழகம் மேயர்சன் குடும்ப அறக்கட்டளையின் ஆதரவோடு இப்படிப்பட்ட வகுப்புகளை இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அவற்றின் பலமே பணம் நிஜமானது என்பதுதான். கற்பனைத் தொகைக்காக எந்த மாணவரும் இரவு விழித்திருந்து கணக்குப் பார்ப்பதில்லை.

முதல் நான்கு வாரம் நிறுவனங்களின் பேச்சையே எடுக்காதீர்கள். ஊரைப் படிக்கச் சொல்லுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் நடக்கும் கிராம சபையில் போய் உட்காரட்டும். தெருக்குழாய் உடைந்திருந்தால் அதற்கு வேண்டியது நன்கொடையா, மனுவா? இந்தக் கேள்வியில்தான் குடிமை உணர்வு பிறக்கிறது.

தேர்வுக்கான அளவுகோல்களை, நிறுவனங்களிடமிருந்து வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு எழுதினால், பிடித்தவருக்கு ஏற்ப அவை வளையும். பதிவுச் சான்று, மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, நிறுவனத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இவை கட்டாயம். உறவினர் நடத்தும் நிறுவனம் என்றால் அந்த மாணவர் வாக்களிக்கக் கூடாது.

நேரில் போகாமல் முடிவெடுக்காதீர்கள். என் வகுப்பில் ஒருமுறை, கோணல்மாணலான கையெழுத்தில் வந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிட இருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஓட்டு வீட்டுத் திண்ணையில் மாலைப் பள்ளி. வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளை ஒவ்வொன்றின் பெயருக்கும் எதிரே பென்சிலில் காரணம்: ‘தம்பிக்குக் காய்ச்சல்’, ‘கரும்பு வெட்டு’. பேருந்தில் திரும்பும்போது ஒருவரும் பேசவில்லை. மறுநாள், அழகாக அச்சடித்த விண்ணப்பங்களுக்குத் தாங்களே கொடுத்த மதிப்பெண்களை முதலிலிருந்து திருத்தினார்கள்.

மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தோடு கடிதம் எழுதுவது மாணவர்களின் வேலை. நீங்கள் எழுதித் தராதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பணம் என்னவாயிற்று என்று பார்க்க மாணவர்களையே அழைத்துப் போங்கள். அந்தப் பயணச் செலவை இப்போதே சங்கத்திடம் தனியாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.